தங்கச்சிக்குப் பிளேட்லட் கூடிப்போச்சு

“அண்ணே, எனக்கு பிளேட்லட்டு கூடுதலா இருக்காம்.”

சில மாதங்களுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் தங்கச்சி மல்லிகா ஃபோனில் இப்படிச் சொன்னபோது அவள் குரலில் பயம் இல்லை. சந்தோஷம் இருந்தது. மகள் பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் எந்தக் குரலில் சொல்வாளோ, அதே குரல்.

நானும் பெரிய மனிதனாக, “அப்படியா, ரொம்ப நல்லது” என்றேன்.

சிரிக்காதீர்கள். பிளேட்லட் என்ற சொல்லை நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது? டாக்டரா? இல்லை — டெங்கு. கொழும்பில் வேலை செய்கிறவர்கள் காய்ச்சலோடு ஊருக்கு வந்து இறங்குவார்கள். ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பார்கள். அதற்குப் பிறகு லயம் முழுக்க, தோட்டத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும், ஒரே பேச்சுத்தான்... இன்றைக்கு எத்தனையாம், நேற்றைவிடக் குறைந்துவிட்டதாமே என்று. குறைந்தால் எல்லோர் முகமும் வாடும். கூடினால் கோயிலில் தேங்காய் உடையும். கிரிக்கெட் ஸ்கோரைக்கூட அத்தனை அக்கறையாகக் கேட்க மாட்டார்கள்.

மல்லிகாவின் பக்கத்து வீட்டுச் சிவகாமி அக்காவின் புருஷனுக்கு அப்படித்தான் டெங்கு வந்தது. பப்பாசி இலைச் சாறு கொடுத்தால் பிளேட்லட் கூடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எங்கள் மலைநாட்டுக் குளிருக்குப் பப்பாசி ஏது? கீழே கினிகத்தேனையில் இருக்கிற சொந்தக்காரருக்கு ஃபோன் போட்டு, பஸ்ஸில் கட்டாகக் கொடுத்தனுப்பச் சொல்லி, மல்லிகாவே ரோட்டுக்கு இறங்கிப் போய் வாங்கி வந்து இடித்துப் பிழிந்தாள். மனிதர் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிப் பிழைத்து வந்தார். பெயர் என்னவோ பப்பாசிக்குத்தான் போனது.

அப்படிப்பட்ட ஒருத்தியின் கையில் ரிப்போர்ட்டைக் கொடுத்து, உனக்குப் பிளேட்லட் கூட இருக்கிறது என்று சொன்னால் அவள் வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? நான் கேக்காமலே ஆண்டவன் குடுத்திருக்கான் என்றாள். அடுத்த டெங்கு சீசனில் பயமில்லாமல் இருக்கலாமாம்.

இந்தக் கதையை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மாற்றித்தான் போடுவேன் என்றதும், அப்படியென்றால் நல்ல பெயராகப் பார்த்துப் போடச் சொன்னாள். மல்லிகா என்பது அவளே தேர்ந்தெடுத்தது.

அவள் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறாள். நான் அட்டனில் வாத்தியார் வேலை பார்க்கிறேன். இரண்டு பேரும் பிறந்து வளர்ந்தது ஒரே லயத்தில்தான். அவள் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், மாதத்தில் ஒரு தடவை வந்து போவார். ஒரே மகள், தர்ஷினி. அந்தப் பிள்ளைக்கு மட்டக்களப்பில் கம்பஸ், அதாவது பல்கலைக்கழகத்தில் இடம், கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள். அந்தச் செய்தி வந்த அன்று மல்லிகா லயத்துக்கே பாயாசம் காய்ச்சி ஊற்றினாள்.

ரத்தம் சோதித்ததும் தர்ஷினியின் பிடிவாதத்தால்தான். அம்மா மேட்டில் ஏறும்போது நின்று நின்று மூச்சு வாங்குகிறாள், பறிக்கிற இடத்தில் தலை சுற்றுகிறது என்கிறாள். டவுனுக்குக் கூட்டி வந்து ஒரு லாப்பில் ரத்தம் கொடுக்க வைத்திருக்கிறாள். டாக்டரைப் பார்த்துவிட்டு ரத்தம் சோதிப்பது ஒரு முறை. ரத்தம் சோதித்துவிட்டு டாக்டரைப் பார்ப்பது இன்னொரு முறை. ரத்தம் சோதித்துவிட்டு யாரையும் பார்க்காமல் நாமே ரிப்போர்ட்டைப் படித்துக்கொள்வது மூன்றாவது முறை — அதுதான் இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது.

அந்த ஞாயிறு கழிந்து இரண்டொரு நாள் இருக்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டையைக் கூடக் கழற்றவில்லை, தர்ஷினி வாசலில் நிற்கிறாள்.

“மாமா, நான் கம்பஸ் போவல.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏன் எதற்கு என்று கேட்குமுன்பே திட்டத் தொடங்கிவிட்டேன். வாத்தியார் புத்தி அல்லவா? சீனியர்கள் செய்கிற பகிடிவதைக்குப் பயமா, தூரத்துக்குப் பயமா, இல்லை வேறு யாராவது மனதில் இருக்கிறார்களா என்று நானே கேள்வி கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். மல்லிகாவும் இரண்டு நாளாக அவளோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, பகிடிவதை என்றுதான் முடிவு செய்திருந்தாளாம். பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

என் மனைவிதான் அவளைக் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து என்னையும் கூப்பிட்டாள். தர்ஷினி ஃபோனை நீட்டினாள். அம்மாவின் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து வைத்திருக்கிறாள். பிளேட்லட் என்ற வரியில் நாலு லட்சத்து எண்பத்தாறாயிரம். நாலரை லட்சம் வரைக்கும்தான் சரியான அளவாம். பக்கத்தில் கறுப்பாக, தடிப்பாக ஒரு எச் எழுத்து, கூடுதல் என்பதற்கு அடையாளம்.

அதைத்தான் அவள் இன்டர்நெட்டில் தேடியிருக்கிறாள். தேடிய இடத்தில் ஒரு சொல் கிடைத்திருக்கிறது. ரத்தப் புற்றுநோய்.

“அம்மாகிட்ட சொல்லல மாமா. அவங்க சந்தோஷமா இருக்காங்க. நான் போயிட்டா அவங்கள யாரு பாக்குறது?”

மல்லிகா என்னைவிட ஆறு வயது இளையவள். அவளுக்கு ஏதாவது என்றால்... அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை, மனதுக்குள்ளேகூட.

பிள்ளையைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? அதே இன்டர்நெட்டில் அதே சொல்லைத் தேடினேன். அவள் பார்த்த அதே பக்கத்தைத்தான் நானும் பார்த்திருக்க வேண்டும். அதில் காய்ச்சல் இருக்கிறது, புண் இருக்கிறது, மூட்டு வீக்கம் இருக்கிறது, இரும்புச் சத்துக் குறைவு இருக்கிறது, ஆபரேஷன் செய்து கொஞ்ச நாள் ஆனவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், அரிதாக, அந்த நோய். ஆனால் கண் எங்கே போய் உட்கார்ந்தது? நேராகக் கடைசி வரியில். படித்தவன், ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன், பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன்... இருபது வயதுப் பிள்ளை பயந்த அதே இடத்தில் நானும் பயந்து உட்கார்ந்திருந்தேன். கடைசியில் என் மனைவி ஃபோனைப் பிடுங்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். டாக்டரிடம் கேட்க வேண்டியதை டாக்டரிடம் கேளுங்கள் என்று ஒரே பேச்சு.

சரி, கேட்கலாம். ஆனால் நோயாளியை எப்படிக் கூட்டிப் போவது? அவள்தான் வரம் கிடைத்தவள் போலச் சந்தோஷமாக இருக்கிறாளே.

“கூட இருக்குறதுக்கெல்லாமா டாக்டர்கிட்ட போவாங்க?” என்று ஃபோனில் சிரித்தாள். ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் பேர் போய்விடும் என்றாள். பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான கணக்கு, அந்த விஷயத்தில் அவளை அசைக்க முடியாது. பிளேட்லட் பற்றி நான் மூச்சு விடவில்லை. மேட்டில் மூச்சு வாங்குகிறதே, அதற்கு ஒரு டானிக் எழுதி வாங்கலாம் என்று நைசாகப் பேசி, சனிக்கிழமை பின்னேரம் டவுனில் ஒரு டாக்டரைச் சேனல் பண்ணி நேரம் வாங்கினேன். வேலை முடிந்து வந்தால் போதும் என்றதும்தான் சம்மதித்தாள்.

மூன்று பேரும் போனோம். டாக்டர் ஒரு பெண், நடுத்தர வயது, யாழ்ப்பாணத்துக்காரர். இந்த மலைக்கு வந்து நெடுநாளாகியும் பேச்சு மட்டும் அங்கேயே இருக்கிறது. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். நானும் தர்ஷினியும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மல்லிகா சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அவசரப்படவில்லை. கேள்விக்கு மேல் கேள்வி. காய்ச்சல் இருந்ததா, மெலிந்தாளா, தலையிடி உண்டா, கை கால் எரிகிறதா என்றெல்லாம். காலில் அட்டை கடித்த புண் ஒன்று ஆறாமல் இருந்தது, அதையும் குனிந்து பார்த்தார். புண் சீழ் பிடித்தாலும் பிளேட்லட் கொஞ்சம் கூடுமாம். படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு மாதவிலக்கு பற்றிக் கேட்க வேண்டும் என்று என்னை வெளியே நிற்கச் சொன்னார். வெளியே நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

திரும்ப உள்ளே போனபோது டாக்டர் ரிப்போர்ட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

“எல்லாரும் இந்த எச் எழுத்தைத்தான் பாத்திருக்கிறியள். அதுக்கு மேல ஒரு எல் எழுத்து இருக்கு, அதை ஒருத்தரும் பாக்கேல்லையோ?”

பார்த்தோம். ஹீமோகுளோபின் என்ற வரியில், ஒன்பதுக்குப் பக்கத்தில், அதே கறுப்பில், அதே தடிப்பில் ஓர் எல். குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டிய இடமாம். அது முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது.

மனுஷ புத்தியைப் பாருங்கள். கூடினால்தான் நமக்குப் பயம். பிரஷர் கூடினால் பயம், சீனி கூடினால் பயம். குறைந்தது கண்ணிலேயே படாது. அதிலும் எங்கள் பெண்களுக்கு ரத்தம் குறைவது ஒரு செய்தியா என்ன? எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறது, எல்லோருக்கும் தலை சுற்றுகிறது, எல்லோரும் மறுநாள் காலையில் கூடையை மாட்டிக்கொண்டு போகிறார்கள். அதனால் அதற்கு நோய் என்று பெயரே கிடையாது.

டாக்டர் விளக்கினார். உடம்பில் இரும்புச் சத்துக் குறைந்தால் சிவப்பு அணுக்களைச் சரியாகச் செய்ய முடியாது. செய்ய முடியாமல் தவிக்கிற எலும்பு மஜ்ஜை, பிளேட்லட்டைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்து தள்ளிவிடும். எனக்குப் புரிந்தது இப்படி — ரொட்டி சுட மா இல்லாத வீட்டில், அடுப்படியில் நிற்கிறவள் சும்மா நிற்க முடியாமல் சம்பலை மட்டும் நிறைய இடித்து வைத்த மாதிரி. சம்பல் கூடிப்போனது என்று கவலைப்பட்டுப் பிரயோசனம் இல்லை, மாவை வாங்கிப் போட வேண்டும். இதைச் சொன்னதும் டாக்டர் சிரித்தார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார்.

அப்போதுதான் மல்லிகா வாயைத் திறந்தாள். இரும்புச் சத்தா? அதுதான் தோட்டத்து டிஸ்பென்சரியில் முன்பே இரும்புக் குளிசை, அந்தச் சிவப்பு மாத்திரை, கொடுத்துவிட்டார்களே. மாதக்கணக்கில் குடிக்கிறாளே.

டாக்டர் நிமிர்ந்தார். ஒழுங்காகக் குடித்தாளா என்று கேட்டார்.

“ஒரு நாளும் விட்டதில்ல டாக்டர்.”

“எதோட குடிக்கிறனீங்கள்?”

“தேத்தண்ணியோடதான்.”

இதில் என்ன கேள்வி என்ற மாதிரிச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். “வாத்தியார், நீங்களும் அப்பிடித்தானோ?” என்றார். நான் மல்லிகா பார்த்துக்கொண்டிருந்த அதே கலண்டரைப் பார்க்கத் தொடங்கினேன். என் பிரஷர் குளிசையும் எங்கள் வீட்டில் தேத்தண்ணியோடுதான் உள்ளே போகிறது.

வெளியூர் வாசகர்களுக்கு இது விளங்காது. விடியுமுன்பே இங்கே அடுப்பு மூட்டிவிடுவார்கள். அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரை யாராவது வாயில் ஊற்றுவார்களா? நெஞ்சில் சளி கட்டும் என்பார்கள். சுடுதண்ணீர் என்றால் அதில் தேயிலை விழுந்துவிடும். தேயிலை விழாத சுடுதண்ணீரை நாங்கள் குளிக்கத்தான் வைப்போம். பசித்தால் தேத்தண்ணி, தலை வலித்தால் தேத்தண்ணி, விருந்தாளிக்குத் தேத்தண்ணி, மருந்துக்குத் தேத்தண்ணி. அப்படியிருக்க, அந்தத் தேயிலைச் சாயம் குளிசையில் இருக்கிற இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? டிஸ்பென்சரியில் சொல்லியிருப்பார்கள். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்போம். தேத்தண்ணியைக் குடிக்காதே என்று எங்களிடம் சொல்வது மூச்சு விடாதே என்று சொல்கிற மாதிரி, அது காதில் ஏறாது.

மல்லிகா ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “நான் பறிக்கிற கொழுந்தே எனக்கு வேல வச்சிருச்சா?” என்றாள். கோபமா வருத்தமா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. அத்தனை மாதம், மூச்சு வாங்க வாங்க மலை ஏறி, வீட்டுக்கு வந்து அக்கறையாகக் குளிசை போட்டு, அத்தனையும் வீண்.

எப்படியோ, காரணம் தெரிந்துவிட்டது. எனக்கும் பாதி உயிர் திரும்பிவிட்டது. ஆனால் தர்ஷினி ஒரு கேள்வி கேட்டாள்.

“டாக்டர், இது கேன்சர் இல்லன்னு எழுதித் தருவீங்களா?”

மல்லிகா சட்டென்று மகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். இத்தனை நாள் பிள்ளை ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், ஏன் கம்பஸ் வேண்டாம் என்றாள் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

டாக்டர் மழுப்பவில்லை. அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

“அப்பிடி எழுதித் தர ஏலாது, பிள்ளை. ஆனா இரும்பு குறைஞ்ச ஒரு ஆளுக்கு இவ்வளவு கொஞ்சமாக் கூடியிருந்தா, நாங்கள் முதல்ல நினைக்கிறது அதை இல்லை. இரும்பை ஏத்துவம். திரும்பச் சோதிப்பம். அப்பவும் இறங்காட்டி, ரத்தத்துக்கெண்டு இருக்கிற டாக்டரிட்ட நானே அனுப்புவன்.”

இரண்டு சோதனை எழுதினார். ஒன்று ரத்த அணுக்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது, மற்றது உடம்பில் எவ்வளவு இரும்பு சேமிப்பில் இருக்கிறது என்று பார்ப்பது. வயிற்றுப் பூச்சியும் ரத்தத்தைக் குடிக்குமாம், அதற்கும் ஒரு குளிசை எழுதினார். இரும்புக் குளிசையைத் தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, பிழிந்த தண்ணீரோடு போடச் சொன்னார். அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னாலும் பின்னாலும் தேத்தண்ணி கூடாது, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டால் இன்னும் நல்லது. பிளேட்லட்டுக்கு என்று தனியாக எந்த மருந்தும் இல்லை. சில வாரம் கழித்துத் திரும்பவும் ரத்தம் சோதிக்க வேண்டும்.

அந்தச் சில வாரத்தில்தான் சிக்கல் இருந்தது. கம்பஸில் பதிவு செய்ய வேண்டிய நாள் அதற்கு முன்பே வந்துவிடும். அன்று போகாவிட்டால் இடம் போய்விடும். பஸ்ஸில் தர்ஷினி ஜன்னலைப் பார்த்தபடி ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள், இரண்டாவது ரிப்போர்ட் வரட்டும், அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது எல்லாம் என்று. நான் தலவாக்கலை ரோடு முழுக்கப் பேசிப் பார்த்தேன். டாக்டரே சொல்லிவிட்டார் என்றேன். எழுதித் தரவில்லையே என்றாள். அவள் பக்கமும் நியாயம் இருந்ததுதான் தொல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு மேடு ஏறத் தொடங்கினோம். பாதி வழியில் மல்லிகாவுக்கு மூச்சு வாங்கியது. மதகுக் கட்டில் உட்கார்ந்தாள். நாங்களும் நின்றோம். மூச்சு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, மகளைக் கிட்டே வரச் சொன்னாள்.

“மாமாகிட்ட சொன்ன, எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க சந்தோஷமா இருந்தீங்கம்மா” என்றாள் தர்ஷினி. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மல்லிகா அவள் கண்ணைத் துடைக்கவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

“நீ இங்க உக்காந்து என் மூஞ்சையே பாத்துக்கிட்டு இருந்தா அது கொறஞ்சிருமா? எனக்கு ஒண்ணும் இல்லன்னா நீ போவணும். ஏதாச்சும் இருந்தாலும் நீ போவத்தான் வேணும். இத்தன வருசமா இந்த மேட்டுல நான் எதுக்கு ஏறி எறங்குறேன்னு நெனச்ச?”

நான் பஸ் நெடுகப் பேசியது என்ன, அவள் மதகில் உட்கார்ந்து பேசியது என்ன? கொஞ்ச நேரத்தில் மல்லிகா எழுந்தாள். மகள் அம்மாவின் பையை வாங்கிக்கொண்டாள். மிச்ச மேட்டை ஏறினோம்.

மறுநாள் காலை தர்ஷினியிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. உங்கள் வீட்டில் இருக்கிற பெரிய சூட்கேஸ் வேண்டும் என்று. அவ்வளவுதான். நான் வாசித்துவிட்டு என் மனைவியிடம் காட்டினேன். அவள் சூட்கேஸைத் தூசி தட்டத் தொடங்கினாள்.

அடுத்த வாரமே அந்த இரண்டு சோதனையின் முடிவும் வந்தது. அணுக்களில் பயப்படும்படி எதுவும் தெரியவில்லை, சிவப்பு அணுக்கள்தான் வெளிறிப்போய்ச் சின்னதாக இருக்கின்றன. இரும்புச் சேமிப்பு அடிமட்டத்தில். டாக்டர் நினைத்தபடியேதான். ஆனாலும் தர்ஷினி ஒரு நிபந்தனை போட்டுவிட்டுத்தான் மட்டக்களப்பு பஸ் ஏறினாள். தினமும் காலையில் அம்மா குளிசையையும் தண்ணீர்க் கிளாஸையும் சேர்த்துப் படம் எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும். கிளாஸ் கண்ணாடியாக இருக்க வேண்டும். உள்ளே இருப்பது தண்ணீரா தேத்தண்ணியா என்று தெரிய வேண்டுமாம்.

கிளாஸில் வெறும் சுடுதண்ணீர் குடிப்பது அத்தனை லேசு என்று நினைக்கிறீர்களா? முதல் வாரம் மல்லிகாவுக்கு ஏதோ பத்தியம் இருக்கிற மாதிரி இருந்ததாம். காலையில் எட்டிப் பார்த்த சிவகாமி அக்கா, ஏன் புள்ள, வீட்ல தேயில முடிஞ்சிருச்சா, நான் கொஞ்சம் தரவா என்று கேட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் நம்பவில்லை. தேயிலையாவது, இரும்பைப் பிடிக்கிறதாவது என்று சிரித்துவிட்டுப் போனவர், ஒரு வாரம் கழித்து வந்து மெதுவாகக் கேட்டாராம், அந்தத் தண்ணி வெறுந் தண்ணியா, தேசிக்காய் போட்டதா என்று. அவர் வீட்டிலும் அதே குளிசை இருந்திருக்கிறது. இப்போது அந்த லயத்தில் காலையில் முதல் கேத்தலில் தேயிலை போடாத வீடுகள் கொஞ்சம் இருக்கின்றன. குளிசை போட்டு, முகம் கழுவி, ரொட்டிக்கு மாப் பிசைந்து, சம்பல் இடித்து, மலைக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் தேத்தண்ணி. அது அதுவரைக்கும் கோபித்துக்கொண்டு எங்கேயும் போய்விடவில்லை.

நான் டாக்டர் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் எச் எழுத்து இருந்தால் இந்தப் பத்தியைக் கத்தரித்துக் காட்டிச் சமாதானம் ஆகிவிடாதீர்கள். என் தங்கச்சிக்கு இரும்பு என்றால் உங்களுக்கும் இரும்பாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒருவருக்குப் புண்ணாக இருக்கும், ஒருவருக்குக் காய்ச்சல் வந்து போனதாக இருக்கும், யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டியதாகவும் இருக்கும். கொஞ்சம் கூடிய எண் ஒரு தீர்ப்பு இல்லை. அது ஒரு கேள்வி. கேள்வியைக் கேட்க வேண்டியவரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள், திரும்ப வந்து சோதிக்கச் சொன்னால் மறக்காமல் போங்கள். சந்தோஷத்தில் வீட்டோடு இருந்துவிடாதீர்கள், பயத்திலும் இருந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே நடந்ததால் சொல்கிறேன்.

போன வாரம் ஃபோன் வந்தது.

“அண்ணே... கொறஞ்சு போச்சு.”

குரலில் லேசாக ஒரு ஏமாற்றம். பிளேட்லட் மூன்று லட்சத்துச் சொச்சமாம். எச் எழுத்தைக் காணோம். கையில் இருந்ததைப் பறித்துக்கொண்டு போன மாதிரிப் பேசினாள். ஹீமோகுளோபின் என்னவாயிற்று என்று கேட்டேன். அது பதினொன்றைத் தாண்டிவிட்டதாம். இன்னும் எல் எழுத்துப் போகவில்லை, ஆனால் ஏறிக்கொண்டிருக்கிறது. டாக்டர் முகம் மலர்ந்து, குளிசையை இன்னும் சில மாதம் விடாமல் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மேட்டில் எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். மதகுக் கட்டில் உட்கார்ந்து ரொம்ப நாளாகிவிட்டது என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபோனில்தானே, அவளுக்குத் தெரிந்திருக்காது.

அன்று காலை வழக்கமான தண்ணீர்ப் படத்துக்குப் பதிலாக மகளுக்கு வேறு ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். ரிப்போர்ட்டை விரித்து வைத்து, அதன் மேல் அதே கண்ணாடிக் கிளாஸ் நிறைய ஆவி பறக்கும் தேத்தண்ணி. பிள்ளை துள்ளிக் குதிப்பாள், அழுதாலும் அழுவாள் என்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

மட்டக்களப்பிலிருந்து வந்த பதில் ஒரே வரி: “குளிசை போட்டு ஒரு மணித்தியாலம் ஆச்சாம்மா?”